உடைந்த கண்ணாடியும் உடைமையாளர் உரிமையும்

பல லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய கைக்கடிகாரம் ஒன்று கை தவறிக் கருங்கல் தரையில் விழுந்து, அதன் முகத்துக் கண்ணாடி மட்டும் உடைந்து, உள்ளிருக்கும் இயந்திரம் யாதொரு பழுதுமின்றி ஓடிக்கொண்டிருந்தாலும், தமக்கு நம்பிக்கையான ஒரு கைவினைஞரிடம் அதைக் கொடுத்துக் கம்பெனியின் அசல் கண்ணாடியையே மாற்றிக்கொள்ளும் சுதந்திரம் இன்று அதன் சொந்தக்காரருக்குப் பெரும்பாலும் இல்லை. அசல் கண்ணாடி கம்பெனியின் வசம் இருக்கிறது. பெரிய கம்பெனிகள் பலவும் அதைத் தம் அங்கீகாரம் பெற்ற நிலையங்களுக்கன்றி வேறு எவருக்கும் விற்பதில்லை. அந்த நிலையமோ, கண்ணாடியை மட்டும் மாற்றித் தர இசையாமல், கடிகாரம் முழுவதையும் பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெயிட்டுப் பூட்டும் முழு சர்வீஸுக்கு உடன்பட்டால்தான் பொருளைக் கையில் வாங்குவோம் என்று பல சமயங்களில் சொல்லிவிடுகிறது. இந்த ஏற்பாடு நியாயமானதன்று என்பதும், கண்ணாடி, வாஷர் போன்ற வெளிப் பாகங்களைத் தகுந்த பயிற்சி பெற்ற எந்தக் கைவினைஞருக்கும் விற்கும்படி கடிகாரக் கம்பெனிகளைச் சட்டத்தின் வாயிலாகவே நிர்ப்பந்திக்க வேண்டும் என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

லட்சக்கணக்கில் கொடுத்துக் கடிகாரம் கட்டுகிறவருக்குக் கண்ணாடிச் செலவு ஒரு பொருட்டா, இதற்கு நாளிதழில் இடம் ஒதுக்க வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். விலையுயர்ந்த கடிகாரங்கள் யாவும் செல்வந்தர் வீட்டுப் பெட்டகங்களில்தான் இருக்கின்றன என்று எண்ணுவது சரியன்று. வளைகுடா நாட்டிலோ சிங்கப்பூரிலோ பல்லாண்டு உழைத்துத் திரும்பிய ஒருவர் தம் ஆயுளில் தமக்கென்று செய்துகொண்ட ஒரே ஆடம்பரமாக அது இருக்கலாம். மாமனார் மாப்பிள்ளைக்குப் போட்டதாக இருக்கலாம். தகப்பனார் காலமான பின் மகன் கைக்கு வந்ததாக இருக்கலாம். அத்தகைய குடும்பங்களில் அந்தக் கடிகாரம் இருக்கும்; அதைப் பராமரிப்பதற்குக் கம்பெனி கேட்கும் தொகை இராது. கண்ணாடி விரிந்த கடிகாரம் 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று பீரோவுக்குள் போகும். விரிசல் வழியே ஈரம் இறங்கும். டயலில் புள்ளி புள்ளியாய்க் கறை படரும். முள்ளும் திருகும் துருவேறி, ஒரு கண்ணாடியோடு முடிந்திருக்க வேண்டிய செலவு இயந்திரத்தையே பலி கொள்ளும் அளவுக்கு வளரும்.

மேலும், இக்கேள்வியை எழுப்ப இதுவே உகந்த சமயம். இந்தியாவுக்கும் ஸ்விட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகிய நான்கு நாடுகளுக்கும் இடையே 2024 மார்ச்சில் கையெழுத்தாகி 2025 அக்டோபரில் அமலுக்கு வந்த வர்த்தக ஒப்பந்தத்தின் பயனாக, ஸ்விஸ் கடிகாரங்களின் மீதுள்ள சுங்க வரி படிப்படியாகக் குறைய வழி ஏற்பட்டிருக்கிறது. கடிகாரங்கள் மிகுதியாக வரப்போகின்றன. அவை விழவும் போகின்றன. விற்பனைக்கு வாசலைத் திறந்துவிடும் அரசாங்கம், விற்ற பொருள் பழுதுபட்டால் அதைச் சீர்செய்துகொள்ளும் வாசலும் திறந்திருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டாமா?

கடிகாரத்தின் அங்கங்களுள் வெளியே தெரிந்து நிற்பதும் எளிதில் உடைவதும் கண்ணாடியே என்பதைக் கடிகாரம் செய்பவர்கள் அறியாதவர்கள் அல்லர்; அவர்களுடைய தொழிலின் சரித்திரத்தில் ஒரு பெரும் பகுதி அந்த ஒரு பலவீனத்தோடு நடத்திய போராட்டமே ஆகும். சட்டைப்பைக் கடிகாரத்துக்கு உலோக மூடியும் பையும் காவலாக இருந்தன. முதல் உலக யுத்தத்தில் பதுங்குகுழிகளில் நின்ற சிப்பாய்கள் கடிகாரத்தை மணிக்கட்டில் கட்டத் தொடங்கியதும் அந்தக் காவல் போயிற்று. அதனால், இடையிடையே துவாரங்கள் விட்ட உலோகத் தகடுகளைக் கண்ணாடியின்மேல் கவிழ்த்து, அத்துவாரங்களின் வழியாக அவர்கள் மணி பார்த்தார்கள்.

இந்தச் சரித்திரத்தில் நம் நாட்டு மண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு. 1930-ஆம் ஆண்டுவாக்கில் ஸ்விஸ் கடிகார வியாபாரியான சேசார் டி ட்ரே என்பவர் இந்தியாவுக்கு வந்திருந்தபோது, இங்கே போலோ ஆடிக்கொண்டிருந்த ஆங்கிலேய ராணுவ அதிகாரிகள், ஆட்டத்தின் நடுவே அடிபட்டுத் தங்கள் கடிகாரக் கண்ணாடிகள் உடைந்துபோவதைப் பற்றி அவரிடம் முறையிட்டு, இதற்கு ஒரு பரிகாரம் காண முடியுமா என்று கேட்டார்கள். அவர் ஊர் திரும்பி அச்செய்தியை கடிகாரத் தயாரிப்பாளரான ஜாக்-டேவிட் லெகூல்த்ரிடம் தெரிவிக்க, ரெனே-ஆல்ஃபிரெட் ஷோவோ என்னும் பொறியாளர் வகுத்த ஓர் அமைப்புக்கு 1931 மார்ச் 4-ஆம் தேதி பாரிஸில் காப்புரிமை விண்ணப்பம் கொடுக்கப்பட்டது. ஒரு சட்டத்துக்குள் பக்கவாட்டில் சறுக்கி, அப்படியே புரண்டு, கண்ணாடி உள்ளே மறைந்து உலோக முதுகு மட்டும் வெளியே தெரியும்படி அமைந்த அந்தக் கடிகாரமே ரிவர்ஸோ என்ற பெயரில் இன்றளவும் செய்யப்பட்டு வருவது. கண்ணாடி உடைந்த ஒருவரின் குறையைக் கேட்டு, அதற்காகக் கடிகாரத்தின் வடிவத்தையே மாற்றி அமைத்த காலம் ஒன்று இருந்தது என்பதை நினைக்கும்போது, அதே தொழில் இன்று உடைந்த கண்ணாடியோடு வரும் வாடிக்கையாளரை நடத்தும் விதம் மனத்தை வருத்துகிறது.

1933-இல் ஜெர்மனியில் பிளெக்ஸிகிளாஸ் என்ற பெயரோடு சந்தைக்கு வந்த அக்ரிலிக், அதாவது நம் கடைக்காரர்கள் பிளாஸ்டிக் கண்ணாடி என்று சொல்வது, கடிகாரத் தொழிலுக்குப் பெரிய சகாயம் செய்தது. அது வளையும், கீறும், விரியும். ஆனால் சுக்குநூறாகச் சிதறுவது அரிது. கீறல் விழுந்தால் பிராஸோவைத் துணியில் தொட்டு நிதானமாகத் தேய்த்தாலே தெளிந்துவிடும். ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியின் ஒத்துழைப்போடு 1961-இல் பெங்களூரில் தொடங்கிய எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலையிலிருந்து வந்து நம் தந்தையர் தலைமுறையின் கைகளை அலங்கரித்த கடிகாரங்களில் இருந்ததும் இதுதான். பழைய ஒமேகாவிலும் பழைய ரோலெக்ஸிலும் இருந்ததும் இதுதான். ஊருக்கு ஊர் இருந்த கடிகாரக்காரர் இவை அனைத்துக்கும் கண்ணாடி மாற்றினார். எவரிடமும் அனுமதி கேட்கவில்லை.

அந்த வேலையை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு நேர்த்தியான வேலை என்பது தெரியும். எங்கள் ஊர்க் கடைத்தெருவில், ஒரு ஜவுளிக்கடையின் படிக்கட்டுக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டி ஒன்றை முன்னே வைத்துக்கொண்டு தொழில் செய்யும் பெரியவர் ஒருவர், பழைய ஸ்விஸ் கடிகாரம் ஒன்றுக்குக் கண்ணாடி மாற்றியதை நான் நின்று பார்த்திருக்கிறேன். லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, சாவியை வெளியே இழுத்து மெஷினை நிறுத்தி, பின்மூடியைத் திறந்து, மெஷினையும் டயலையும் முழுதாக வெளியே எடுத்து ஒரு சிறு கவிகைக்குள் தூசு படாமல் மூடி வைத்த பிறகே அவர் கண்ணாடியைத் தொட்டார். பழைய கண்ணாடி அமர்ந்திருந்த பள்ளத்தின் குறுக்களவை அளந்து, மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வரிசையாக உறையிட்டு வைத்திருந்த கண்ணாடிகளில் ஒன்றைத் தேர்ந்தார். அது பள்ளத்தைவிட இம்மியளவு பெரியது. சுற்றிலும் நகங்கள் கொண்ட ஒரு கவ்வியால் அதன் ஓரங்களைப் பிடித்துத் திருக, கண்ணாடி நடுவில் குவிந்து ஓரத்தில் சுருங்கிற்று; சுருங்கிய நிலையில் பள்ளத்தில் இறக்கிக் கவ்வியை விட்டதும், அது தன் இயல்பான அளவுக்கு விரிந்து விளிம்பை இறுக்கிக்கொண்டது. பிறகு காற்றுக்குமிழால் ஊதி, வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, டயலின்மேல் ஒரு தூசியும் இல்லை என்று நிச்சயித்துக்கொண்டுதான் மெஷினை உள்ளே வைத்தார்.

அவரிடமே இக்காலத்து விலையுயர்ந்த கடிகாரம் ஒன்றை, கண்ணாடி மூலையில் தெறித்துப்போன நிலையில், ஓர் இளைஞர் கொண்டுவந்து கொடுத்தார். பெரியவர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"தம்பி, கண்ணாடி போடுறது எனக்குப் பெரிய வேலையில்லை. இதுக்குரிய கண்ணாடிய எனக்கு யாரு குடுப்பா? டூப்ளிகேட் இருக்கு, பொருந்தும். ஆனா ஒரிஜினல்னு சொல்லி உங்க கையில குடுக்க மாட்டேன்."

"அப்ப என்னதான் பண்றது, ஐயா?"

"சென்டர்லயே போய்க் கேளுங்க. முழுசாப் பிரிக்கணும்பாங்க. அதுக்கும் தயாராப் போங்க."

அறிவு இருக்கிறது, கை இருக்கிறது, கருவி இருக்கிறது, நேர்மையும் இருக்கிறது; ஒரு வட்டக் கண்ணாடி மட்டும் இல்லை. அந்தப் பெரியவருடைய தொழில் நசிந்ததற்குக் கைபேசி மட்டுமே காரணம் என்று சொல்கிறவர்கள் இந்தக் காட்சியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

புதிய கடிகாரங்களில் இருப்பது சஃபையர் கண்ணாடி. இது நிலத்தில் தோண்டி எடுத்த ரத்தினம் அன்று. அலுமினியம் ஆக்ஸைடுத் தூளை, இரண்டாயிரம் டிகிரிக்கு மேற்பட்ட சுவாலையின் வழியே விழச் செய்து, உருகிய துளிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிய வைத்துக் கல்லை வளர்க்கும் முறையை ஓகுஸ்த் வெர்னோய் என்ற பிரெஞ்சு ரசாயன அறிஞர் 1902-இல் வெளியிட்டார். கடிகாரச் சக்கரங்களின் அச்சுமுனைகள் தேயாமல் சுழல்வதற்கு வைக்கும் சிறு கற்கள் அம்முறையால் மலிவாயின. பிற்காலத்தில் அவ்வாறு வளர்த்த கல்லையே வைரத்தூள் பதித்த வாளால் அறுத்து, மெருகிட்டு, கடிகாரத்தின் முகத்துக்கும் வைத்தார்கள். 1970-களிலிருந்து இது உயர்தரக் கடிகாரங்களில் வழக்கமாயிற்று. கடினத்தன்மையை அளக்கும் மோஸ் அளவையில் வைரத்துக்குப் பத்து என்றால் இதற்கு ஒன்பது. தெருவில் பறக்கும் மணலுக்கு ஏழு. ஆகவே சுவரில் உராய்ந்தாலும் இது கீறுவதில்லை. ஆனால், கீறாமை வேறு, உடையாமை வேறு. வளைந்து கொடுக்கத் தெரியாத இந்தக் கண்ணாடி, கருங்கல்லிலோ டைல்ஸ் தரையிலோ ஓரம் பட்டு விழுந்தால் ஒரே அடியில் தெறித்துப்போகும். ஒளியை எதிரொளிப்பதும் அதிகம். சாதாரணக் கண்ணாடியின் ஒரு முகம் சுமார் நான்கு சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும் என்றால் இது சுமார் எட்டு சதவீதத்தை அனுப்புகிறது. அதற்காகவே இதன்மேல் தனிப் பூச்சு பூசுகிறார்கள்.

சஃபையரே உயர்வு, பிளாஸ்டிக் மட்டம் என்று விற்பனையாளர்கள் பரப்பியிருக்கும் எண்ணத்தை நான் ஏற்பதற்கில்லை. 1965 மார்ச்சில் நாஸா தன் விண்வெளி வீரர்களுக்குத் தகுதியானது என்று தேர்ந்தெடுத்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டரில் இருந்தது, ஹெசலைட் என்று அவர்கள் வழங்கும் பிளாஸ்டிக் கண்ணாடியே. எடையற்ற கலத்துக்குள் உடைந்த கண்ணாடித் துண்டுகள் மிதந்து கண்ணிலும் மூச்சிலும் புகும் அபாயம் அதில் இல்லை. அதற்கும் விபத்து நேராமல் இல்லை. 1971-இல் அப்பல்லோ 15 பயணத்தில் டேவிட் ஸ்காட் சந்திரனின் தரையில் தமது இரண்டாவது நடையை முடித்துக்கொண்டு திரும்பியபோது, ஒமேகாவின் கண்ணாடி கழன்றுபோயிருந்தது. அவர் தம்முடன் கொண்டுபோயிருந்த புலோவா கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு மூன்றாவது நடையைச் செய்தார். அந்தப் புலோவா 2015-இல் பதினாறு லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. சந்திரனிலும் கண்ணாடி கழலும் என்றால், நம் வீட்டுத் தாழ்வாரத்தில் உடைவதைக் குற்றமாகக் கருதுவதற்கில்லை. பழுது நேரும் என்று எதிர்பார்த்தே பொருளைச் செய்ய வேண்டும், பழுது தீர்க்கும் வழியையும் அதனோடு சேர்த்தே விற்க வேண்டும்.

இனி, கம்பெனிகளின் பக்கத்து வாதத்தையும் கேட்க வேண்டும். அதில் சாரம் இல்லாமல் இல்லை. உடைந்த சஃபையரின் துகள்கள் எஃகைவிடக் கடினமானவை. அவற்றில் ஒன்று சக்கரங்களுக்கிடையில் சிக்கினால் பல்லையும் அச்சையும் அரைத்துவிடும். ஆகவே கண்ணாடி தூள்தூளாகச் சிதறிய கடிகாரத்தை முழுவதும் பிரித்துப் பார்ப்பது அவசியமே. இரண்டாவதாக, நீர் புகாத கடிகாரத்தில் கண்ணாடி வெறும் மூடியன்று. ஒரு நைலான் வளையத்துக்குள் அழுத்தும் கருவியால் நேராக இறக்கிப் பொருத்தப்பட்ட கவசம். 100 மீட்டர் ஆழம் தாங்கும் என்று குறித்த ஒரு கடிகாரத்தில் 30 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள கண்ணாடி இருக்குமானால், அந்த ஆழத்து நீர் அதன்மேல் சுமார் 70 கிலோ எடைக்குச் சமமாக அழுத்தும். வளையம் ஒரு பக்கம் மடிந்திருந்தாலும், கண்ணாடி மயிரிழை சாய்ந்திருந்தாலும் நீர் உள்ளே போய்விடும். எனவே மாற்றிய பின் காற்றழுத்தப் பெட்டியில் வைத்துச் சோதிக்க வேண்டும்; கடிகாரத்தை நாற்பது டிகிரிக்கு மேல் சூடாக்கி, கண்ணாடியின்மேல் ஒரு துளி குளிர்ந்த நீரை விட்டு, சற்றுப் பொறுத்துத் துடைத்து, உட்புறத்தில் பனி படர்கிறதா என்று பார்க்கும் சோதனையும் உண்டு.

இவை அனைத்தும் உண்மை. ஆயினும், இவற்றிலிருந்து பெறப்படும் முடிவு, அந்த வேலையைத் தெரிந்தவர் செய்ய வேண்டும் என்பதே அன்றி, கம்பெனி மட்டுமே செய்ய வேண்டும் என்பதன்று. அழுத்தும் கருவியும் சோதிக்கும் பெட்டியும் விலைக்குக் கிடைப்பவை. உபயோகிக்கும் முறை கற்கத்தக்கது. ஸ்விட்சர்லாந்தின் நொய்ஷாத்தெல் நகரில் 1966-இல் தோன்றிய வோஸ்டெப் என்னும் கல்வி நிலையம் பல நாட்டு மாணாக்கர்களுக்கு இந்த வித்தையைப் போதித்து நற்சான்று வழங்கி வருகிறது. அங்ஙனம் சான்று பெற்றவர் தனியே கடை வைத்தால் அவருக்கும் கண்ணாடி கொடுக்க மறுப்பது தரத்தைக் காக்கும் செயலாகுமா? தெறித்தது ஓரத்தில் ஒரு சிறு சில்லுதான், உள்ளே ஒரு துகளும் விழவில்லை என்று திறந்து பார்த்து நிச்சயித்த பிறகும் முழு சர்வீஸ் செய்தே ஆக வேண்டும் என்பது எந்தத் தரத்தைக் காப்பதற்கு?

இது நமக்கு மட்டும் உரிய வழக்கன்று. ஐரோப்பாவிலேயே நெடுங்காலம் நடந்த வழக்கு. அங்குள்ள கடிகாரப் பழுதுபார்ப்போர் சங்கங்களின் கூட்டமைப்பு, உதிரிப் பாகங்களைத் தர மறுக்கும் கம்பெனிகளின்மேல் 2004-இல் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் செய்தது. ஆணையம் 2008-இல் அதைத் தள்ளியது. 2010 டிசம்பரில் ஐரோப்பியப் பொது நீதிமன்றம் ஆணையத்தின் அந்த முடிவை ரத்துச் செய்தது. ஆணையம் மறுபடி விசாரித்து 2014-இல் மீண்டும் தள்ளியது. 2017 அக்டோபரில் நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. இதற்கிடையே ஸ்வாட்ச் குழுமம் மொத்த வியாபாரிகளுக்கு உதிரிப் பாகங்கள் வழங்குவதை 2015-ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்திக்கொண்டது. தரத்தைக் காப்பதும் போலிகளைத் தடுப்பதும் கம்பெனிகளின் நியாயமான நோக்கங்கள் என்பது அங்கே ஏற்கப்பட்ட வாதம். அத்தீர்ப்பை மதிக்கிறேன், அதோடு உடன்பட முடியவில்லை. அசல் பாகம் கிடைக்காத இடத்தில்தான் போலிப் பாகம் புகுகிறது. அசல் கண்ணாடி நேர் வழியில் கிடைக்குமானால், கம்பெனியின் முத்திரையைத் திருட்டுத்தனமாகப் பொறித்த கண்ணாடியை வாங்கும் அவசியம் எவருக்கு இருக்கும்? ரோலெக்ஸ் கண்ணாடியில் ஆறு மணி இடத்துக்கு அருகே, லென்ஸ் வைத்துப் பார்த்தாலன்றித் தெரியாத அளவில் ஒரு சிறு மகுடம் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்த மகுடத்தையுங்கூடப் போலி செய்து விற்கும் சந்தை இன்று இருக்கிறது.

ஐரோப்பாவின் முடிவு நம்மைக் கட்டுப்படுத்தாது. நம் நாட்டுப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில், உதிரிப் பாகங்களை வெளிச்சந்தையில் தனிப்பட்ட மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவொட்டாமல் செய்தன என்று 14 கார்க் கம்பெனிகளின்மேல் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அது பிறகு மேல்முறையீடுகளுக்குச் சென்றது என்பது உண்மையே. ஆனால் அந்த உத்தரவில் அடங்கிய தத்துவம் கடிகாரத்துக்கும் பொருந்தும். காரின் பிரேக் உயிரைக் காப்பது; அதன் பாகத்தையே தனி மெக்கானிக்குக்கு விற்கலாம் என்றால், மணி பார்க்கும் கண்ணாடியை விற்கலாகாது என்பது எங்ஙனம் பொருந்தும்? அதைவிட நேரான ஆயுதம் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. ஒரு பொருளையோ சேவையையோ பெறுவதற்கு வேறொரு பொருளையோ சேவையையோ வாங்கியாக வேண்டும் என்று நிபந்தனை விதிப்பது, கட்டுப்படுத்தும் வணிக முறை என்று அச்சட்டம் வரையறுக்கிறது. முழு சர்வீஸுக்குச் சம்மதித்தால்தான் கண்ணாடி என்ற நிபந்தனை, தக்க காரணம் காட்டப்படாதபோது, அந்த வரையறைக்குள் அடங்குகிறது என்றே நான் கருதுகிறேன்; அப்படி ஒரு வழக்கை யாரேனும் துணிந்து தொடுத்தால் அது பலருக்கும் உபகாரமாகும்.

மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்து, விவசாயக் கருவிகள், கைபேசிகள், வீட்டு உபயோகச் சாதனங்கள், மோட்டார் வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளை முதலில் எடுத்துக்கொண்டது. அந்த வரிசையில் கைக்கடிகாரத்தையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். நான் கேட்பது கம்பெனியின் அந்தரங்க வரைபடங்களையோ இயந்திரத்தின் உள்ளுறுப்புகள் அனைத்தையுமோ அன்று. கண்ணாடி, அதன் வளையம், பின்மூடியின் வாஷர், சாவி, பட்டையின் ஊசி ஆகிய புறப் பாகங்களையும், நீர்ச்சோதனைக்குரிய அளவுகளையும், பயிற்சிச் சான்று காட்டும் கைவினைஞர் எவருக்கும் நியாயமான விலையில் தர வேண்டும் என்பதே என் கோரிக்கை. நம் மாநிலத்துக்கு இதில் தனி அக்கறை இருக்க நியாயமுண்டு. தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாடா குழுமமும் 1984-இல் கூட்டாகத் தொடங்கிய டைட்டன், ஓசூரில் கடிகாரம் செய்யும் கைகளை ஒரு தலைமுறைக்கு மேலாகப் பழக்கியிருக்கிறது. அந்த மண்ணிலேயே அரசின் ஆதரவோடு ஒரு கடிகாரப் பழுதுபார்க்கும் பள்ளி நடத்தினால், கற்பிக்க ஆளும் கற்க இளைஞரும் கிடைக்காமல் போகமாட்டார்கள்.

உரிமை கேட்கும்போது கடமையையும் சொல்லத்தான் வேண்டும். வேறு கம்பெனிக் கண்ணாடியைப் போடுவதில் தவறில்லை. நல்ல கண்ணாடிகள் குறைந்த விலைக்கே கிடைக்கின்றன. அதைப் பில்லில் எழுதித் தருவது கடைக்காரரின் கடமை. கடிகாரத்தைப் பிற்பாடு விற்க நேர்ந்தால் வாங்குகிறவரிடம் அதைச் சொல்வது சொந்தக்காரரின் கடமை. அங்கீகாரம் பெற்ற நிலையங்களுக்கும் இதுபோன்ற கடமை உண்டு. என் நண்பர் ஒருவர் தம் தகப்பனாரின் கடிகாரத்தைக் கண்ணாடி மாற்றுவதற்காக அத்தகைய நிலையம் ஒன்றில் கொடுத்தார். திரும்பி வந்தபோது கண்ணாடி புதிதாக இருந்தது. டயலும் முட்களும் புதிதாக இருந்தன. அவருடைய தகப்பனார் கையில் நாற்பதாண்டு இருந்து மங்கிய பழைய டயல் எங்கே என்று கேட்டதற்கு, மாற்றிய பாகங்களைத் திருப்பித் தரும் வழக்கம் இல்லை என்று பதில் வந்தது. கூர்மையாக இருந்த உறையின் விளிம்புகளும் மெருகேற்றியதில் மழுங்கிப்போயிருந்தன. செய்தவர்கள் அதை நன்மை என்றே எண்ணியிருக்கலாம். கேளாமல் செய்த நன்மை அவருக்கு ஈடுசெய்ய முடியாத நஷ்டமாயிற்று.

ஆகையால், சட்டம் வரும்வரை காத்திராமல், கண்ணாடி உடைந்தவர்கள் தாமே செய்துகொள்ளத்தக்க காரியங்கள் சில உண்டு. உடைந்த உடனே சாவியை மெல்ல வெளியே இழுத்து முட்களை நிறுத்துங்கள்; அவ்விதம் நிற்காத பழைய கடிகாரமாயின் மேற்கொண்டு சாவி கொடாமல் விட்டுவிடுங்கள். கடிகாரத்தைக் குலுக்காதீர்கள், துண்டுகளை விரலால் எடுக்கவோ வாயால் ஊதவோ வேண்டாம். ஒட்டுநாடாவைக் கண்ணாடியின்மேல் மென்மையாக ஒட்டி, முகம் கீழ்நோக்க ஒரு சிறு டப்பாவில் பஞ்சின்மேல் வைத்துக் கொண்டுபோங்கள். கொடுக்கும் இடத்தில், உள்ளே துகள் விழுந்திருக்கிறதா என்று உங்கள் முன்னிலையில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். மெருகேற்ற வேண்டாம், டயலையும் முட்களையும் என் சம்மதமின்றி மாற்ற வேண்டாம், மாற்றும் பாகங்கள் அனைத்தையும் திருப்பித் தர வேண்டும், நீர்ச்சோதனையின் முடிவை எழுதித் தர வேண்டும் என்ற வாசகங்கள் ரசீதில் ஏறிய பின்பே கையெழுத்திடுங்கள். கண்ணாடியை மட்டும் மாற்ற மறுத்தால், மறுப்பின் காரணத்தைக் காகிதத்தில் கேளுங்கள். தர இசையாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்து, அதற்குரிய எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தின் படி ஏறுங்கள்.